பெருநகரங்களில் பன்மொழி வானொலி: மட்டக்களப்பு, அம்பாறை நேயர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மெல்பேணிலும் ரொறன்ரோவிலும் உறவினர் உள்ள குடும்பங்கள் மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பகுதிகளில் ஏராளம். அந்நகரங்களில் தமிழுக்கும் வேறு பல மொழிகளுக்கும் வானொலியில் இடம் கிடைத்தது எவ்வாறு, அந்த இடம் விரிவடைந்தது எவ்வாறு, பல இனத்தார் அருகருகே வாழும் நமது இரு மாவட்டங்களுக்கும் அதில் எடுத்துக்கொள்ளத்தக்கது எது என்பன ஊடகம் பயிலும் மாணவர்களும் உள்ளூர் அறிவிப்பாளர்களும் மீண்டும் மீண்டும் எழுப்பும் கேள்விகள். அவற்றுக்கான விடைகள் கீழே தரப்படுகின்றன.

பன்மொழி வானொலி என்பது எது?

ஒரே நிலையம் தனது ஒலிபரப்பு நேரத்தைப் பல மொழிச் சமூகங்களுக்குப் பகுத்துக் கொடுப்பதே பன்மொழி வானொலி. காலை ஏழு மணிக்கு அரபு, எட்டு மணிக்கு வியட்நாமிய மொழி, இரவு எட்டு மணிக்குத் தமிழ் என்று நாளின் அட்டவணை அமையும். ஒரே நிறுவனம் சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று எனத் தனித்தனிச் சேவைகளை நடத்தும் நமது நாட்டு முறை இதனின்று வேறுபட்டது. நமது முறையில் ஒவ்வொரு மொழிக்கும் நாள் முழுவதும் உண்டு. பன்மொழி நிலையத்தில் ஒரு மணி நேரத்துக்காகப் பல சமூகங்கள் வரிசையில் நிற்கின்றன. எனவே நேரத்தைப் பங்கிடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே இத்துறையில் முதன்மையான கேள்வி.

அவுஸ்திரேலியாவில் இது எதற்காகத் தொடங்கப்பட்டது?

1975ஆம் ஆண்டு யூலை முதலாம் திகதி அந்நாட்டில் மெடிபாங்க் எனும் பொதுச் சுகாதாரக் காப்புறுதித் திட்டம் நடைமுறைக்கு வரவிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் குடியேறிய இத்தாலியர், கிரேக்கர், துருக்கியர், அரபு மொழியினர் போன்றோரில் பலருக்கு ஆங்கிலச் செய்தித்தாளைப் படித்து அத்திட்டத்தைப் புரிந்துகொள்ள இயலாது. ஆகவே அதே ஆண்டு யூன் மாதத்தில் சிட்னியில் 2ஈ.ஏ., மெல்பேணில் 3ஈ.ஏ. என இரு நிலையங்கள் பரீட்சார்த்தமாகத் தொடங்கின. முன்னையது ஏழு மொழிகளிலும் பின்னையது எட்டு மொழிகளிலும் ஒலிபரப்பின. மூன்று மாதங்களுக்கென்று தொடங்கப்பட்ட ஏற்பாட்டை நிறுத்த நேயர்கள் விடவில்லை. 1978இல் எஸ்.பி.எஸ். எனும் விசேட ஒலிபரப்புச் சேவை அமைக்கப்பட்டபோது இவ்விரு நிலையங்களும் அதன் பொறுப்பில் வந்தன. 1994இல் அது நாடளாவிய வலையமைப்பாக விரிந்தது.

தொடக்கத்தில் அரசுக்குத் தேவைப்பட்டது ஓர் அறிவித்தல் கருவியே. அரசு சொல்ல விரும்பியதை மக்களின் மொழியில் சொல்ல வேண்டும் என்பதற்கு மேல் அப்போது எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. நேயர்கள் அதைத் தமது பாட்டு, தமது செய்தி, தமது வாதம் ஆகியவற்றுக்கான களமாக மாற்றிக்கொண்டார்கள்.

மெல்பேணில் வேறொரு நிலையமும் இருந்ததாகச் சொல்கிறார்களே?

ஆம். அந்த வரலாறு நமக்கு மிகவும் பயன்படக்கூடியது என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதே 1975இல் அவுஸ்திரேலிய ஒலிபரப்பு நிறுவனமான ஏ.பி.சி. மெல்பேணில் 3 டபிள் இசட் என்ற ‘அனுமதி வானொலி’ ஒன்றைத் திறந்தது. அதில் நிறுவனத்தின் அறிவிப்பாளர்கள் பேசவில்லை. கலையகத்தின் கதவு சமூகக் குழுக்களுக்குத் திறக்கப்பட்டது. குழுக்களே நிகழ்ச்சியைத் திட்டமிட்டு, எழுதி, ஒலிவாங்கியின் முன் அமர்ந்தன. தொழிநுட்ப உதவியை நிலையம் வழங்கியது. இரண்டு ஆண்டுகள் நடந்த அந்நிலையத்தை 1977இல் அன்றைய அரசு மூடியது. குடியேறிய சமூகங்கள் அதை எதிர்த்துப் போராடின. எதிர்ப்பு பலிக்கவில்லை.

ஆனால் அந்தக் குழுக்கள் கலைந்து போகவில்லை. நீண்ட முயற்சிக்குப் பின் 1989இல் 3 டிரிபிள் இசட் எனும் சமூக வானொலி 92.3 பண்பலையில் ஒலிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு மொழிக் குழுவும் தனக்கென உறுப்பினரைத் திரட்டிக்கொண்டு நிலையத்தில் அங்கம் வகிக்கிறது. நிகழ்ச்சிகளை நடத்துவோர் பெரும்பாலும் தொண்டர்கள். பகலில் தொழிற்சாலையிலோ முதியோர் இல்லத்திலோ வேலை செய்துவிட்டு மாலையில் வந்து செய்தி வாசிப்பவர்கள் அவர்கள்.

ஆகவே ஒரே நகரில் இரு வழிகள் உள்ளன. எஸ்.பி.எஸ். அரசு நிதியில் இயங்குகிறது. சம்பளம் பெறும் ஊடகவியலாளர்கள் அங்கே பணிபுரிகிறார்கள். செய்தியின் தரம் உறுதி. சமூக வானொலியில் குரல் சில வேளை தடுமாறும். ஒலியின் அளவு ஏறி இறங்கும். எனினும் எதைப் பேசுவது என்பதைப் பேசுகிறவர்களே தீர்மானிக்கிறார்கள். இரண்டும் வேண்டும் என்பதே என் கருத்து. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன். ஏனென்றால் முதலாவதை அரசு ஒரு கையெழுத்தில் சுருக்கிவிடலாம். இரண்டாவது மூடப்பட்டாலும் அதை நடத்தக் கற்றுக்கொண்ட மக்கள் மிஞ்சியிருப்பார்கள். மெல்பேணில் நடந்தது அதுதான்.

ரொறன்ரோவில் நிலைமை எப்படி?

அங்கே வழி வணிகத்தின் ஊடாக வந்தது. இத்தாலியக் குடியேறிகளின் மகனும் பலசரக்கு வியாபாரியுமான ஜோனி லொம்பார்டி 1966இல் தொடங்கிய சின் வானொலி, நேரத்தைப் பல மொழியினருக்கும் வழங்கி, கடைக்காரர்களின் விளம்பரத்தால் வாழ்ந்தது. கனடாவின் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 1999இல் வகுத்த இன ஒலிபரப்புக் கொள்கையின்படி, இன வானொலி என அனுமதி பெற்ற நிலையம் தனது நேரத்தில் குறைந்தது 60 வீதத்தை இனச் சமூகங்களுக்கான நிகழ்ச்சிகளுக்கும், 50 வீதத்தை ஆங்கிலமோ பிரெஞ்சோ பழங்குடி மொழியோ அல்லாத மொழிகளுக்கும் ஒதுக்க வேண்டும். எந்தெந்தச் சமூகங்களுக்குச் சேவை செய்வோம் என்பதும் அனுமதியில் எழுதப்படும். அதிக விளம்பரம் தரும் ஒரு மொழியே நிலையம் முழுவதையும் விழுங்கிவிடாமல் தடுக்கும் வேலி இது.

அங்குள்ள தமிழ் வானொலிகளின் தொடக்ககால வழி வேறு. பொது அலைவரிசை கிடைக்காதபோது, ஒரு பண்பலை நிலையத்தின் அலைக்குள் மறைந்து செல்லும் துணை அலையில் அவை ஒலிபரப்பின. சாதாரண வானொலிப் பெட்டியில் அது கேட்காது; அதற்கென்று தனிப் பெட்டி வாங்கி வீட்டில் வைக்க வேண்டும். நம்மவர் வாங்கி வைத்தார்கள்.

எந்த மொழிக்கு எவ்வளவு நேரம் என்பதை எவ்வாறு தீர்மானிக்கிறார்கள்?

இதுவே மிகவும் கடினமான வேலை. ஆட்தொகையை மட்டும் பார்த்தால் பெரிய சமூகத்துக்கே எல்லாம் போகும். முதலில் வந்தவருக்கு முதலிடம் என்றால் புதிதாக வந்த அகதிக்கு ஒன்றும் மிஞ்சாது. எஸ்.பி.எஸ். அட்டவணை 1994க்குப் பின் நெடுங்காலம் பெரிதாக மாற்றப்படவில்லை. அதற்கிடையில் ஐரோப்பிய மொழிகள் பேசிய பலர் முதுமையடைந்து, அவர்களுடைய பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாறிவிட, ஆபிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் புதிய சமூகங்கள் வந்து சேர்ந்தன. 2013இல் அட்டவணை திருத்தப்பட்டபோது டிங்கா, மொங், பஷ்தூ, சுவாகிலி, டிக்ரின்யா, மலையாளம் ஆகிய ஆறு மொழிகள் சேர்க்கப்பட்டன. சில பழைய மொழிகளின் நேரம் குறைந்தது. குறைக்கப்பட்ட சமூகத்தின் மூத்தவர்களுக்கு அது பெரும் மனத்தாங்கல் என்பதை மறைக்கத் தேவையில்லை.

அத்திருத்தத்தில் பயன்படுத்தப்பட்ட அளவுகோல்கள் கவனிக்கத்தக்கவை. குடிசன மதிப்பீட்டின்படி வீட்டில் அம்மொழியைப் பேசுவோர் எத்தனை பேர், அவர்களில் ஆங்கிலம் நன்கு அறியாதோர் எத்தனை வீதம், அண்மையில் வந்தோர் எத்தனை பேர், முதியோர் எத்தனை பேர், குடும்ப வருமானம் எப்படி என்பன சேர்த்துப் பார்க்கப்பட்டன. அவுஸ்திரேலியாவின் 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 95,000க்கும் மேற்பட்டோர் வீட்டில் தமிழ் பேசுவதாகப் பதிந்துள்ளனர். படிவத்தில் மொழி என்ற கட்டத்தை வெறுமையாக விடுகிற, அல்லது ஆங்கிலம் என்று எழுதிவிடுகிற ஒவ்வொரு குடும்பமும் தன்னையறியாமல் அக்கணக்கைக் குறைக்கிறது.

எத்தனை மணி நேரம் என்பதோடு எந்த மணி நேரம் என்பதும் முக்கியம். நள்ளிரவு ஒரு மணிக்கு ஒரு மொழிக்கு இடம் கொடுத்துவிட்டு, நாங்கள் இத்தனை மொழிகளில் ஒலிபரப்புகிறோம் என்று அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம். அதைக் கேட்க ஒருவரும் இருக்க மாட்டார்.

நகரில் அலைவரிசையே இல்லை என்கிறார்கள். பிறகு எப்படி விரிவாக்குவது?

பண்பலைப் பட்டை உலகின் பெரும்பாலான நாடுகளில் 87.5 முதல் 108 மெகாஹெட்ஸ் வரையே உள்ளது. அருகருகே உள்ள நிலையங்கள் ஒன்றையொன்று குழப்பாமல் இருக்க இடைவெளி வேண்டும். ஆகையால் ஒரு பெருநகரில் பலம்வாய்ந்த நிலையங்கள் சில பத்துக்கு மேல் இருக்க முடியாது. இதற்கு மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. முதலாவது, மேலே சொன்ன நேரப் பங்கீடு. இரண்டாவது, டி.ஏ.பி. பிளஸ் எனும் எண்ணிம வானொலி. ஒரே ஒலிபரப்புத் தொகுதியில் பதினைந்துக்கும் மேற்பட்ட நிலையங்களை அடக்கலாம். அவுஸ்திரேலியப் பெருநகரங்களில் இது 2009 முதல் நடைமுறையில் உள்ளது. மூன்றாவது இணையம், அதற்கு அலைவரிசையே தேவையில்லை.

எண்ணிம வானொலிக்குப் புதிய பெட்டி வேண்டும், இணையத்துக்கு டேட்டா வேண்டும். இரண்டையும் வாங்க முடியாதவரே பெரும்பாலும் தாய்மொழி வானொலி மிகவும் தேவைப்படுபவர் என்பதால், ‘இணையத்தில் போடுகிறோம்’ என்று சொல்லிப் பண்பலை நேரத்தைப் பறிப்பதை விரிவாக்கம் என்று ஏற்க முடியாது.

கைத்தொலைபேசியில் எல்லாம் கிடைக்கும் காலத்தில் வானொலி எதற்கு?

இரு காரணங்கள். 2020 யூலை 4ஆம் திகதி கொரோனாப் பரவலைத் தடுக்க மெல்பேணில் ஒன்பது அரச அடுக்குமாடிக் குடியிருப்புகள் திடீரென முடக்கப்பட்டன. அங்கே வாழ்ந்தோர் பல மொழியினர். ஏன் வெளியே போகக் கூடாது, உணவும் மருந்தும் எப்படி வரும் என்பதைத் தமது மொழியில் உடனடியாக அறிய முடியாமல் பலர் தவித்தனர். அந்த முடக்கம் மனித உரிமைகளை மீறியது என விக்டோரிய மாநிலக் குறைகேள் அதிகாரி அதே ஆண்டு டிசம்பரில் அறிக்கையிட்டார். நெருக்கடி நாளில் நம்பிக்கையான குரலைப் புதிதாக உண்டாக்க முடியாது. அன்றாடம் கேட்டுப் பழகிய குரலாக அது முன்பே இருந்திருக்க வேண்டும்.

மற்றையது, கிழக்கிலங்கையில் பிறந்து வெளிநாட்டில் வாழும் எவருக்கும் தெரிந்தது. ‘மட்டக்களப்பு கல்லடியைப் பிறப்பிடமாகவும் கனடா ஸ்கார்பரோவை வதிவிடமாகவும் கொண்ட’ என்று தொடங்கும் மரண அறிவித்தல். பெயர், தகப்பன் பெயர், மணந்தவர், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என வரிசையாக வாசிக்கப்படும். அடுப்படியில் வேலையாய் இருப்பவரும் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார். தேடிப் பார்க்கிற செய்தியல்ல அது. தேடாமல் வந்து சேர வேண்டிய செய்தி.

நிருவாகத்துக்குத் தெரியாத மொழியில் என்ன பேசுகிறார்கள் என்பதை யார் கவனிப்பது?

ஒலிபரப்பை முழுமையாகப் பதிவுசெய்து வைப்பதே அடிப்படை. அவுஸ்திரேலியாவில் அரசியல், நடப்பு விவகார ஒலிபரப்பின் பதிவுகளை ஆறு வாரங்களும், முறைப்பாடு வந்தால் அறுபது நாட்களும் வைத்திருக்க வேண்டும். முறைப்பாடு வந்தால் சம்பந்தமற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துக் கேட்பார்கள். தாய்நாட்டு அரசியல் பிளவுகள் கலையகத்துக்குள்ளும் நுழையும் என்பது உண்மை. அதற்கு மருந்து மொழியை நிறுத்துவதல்ல. குழுவுக்குள் முறையான தேர்தலும் எழுதப்பட்ட ஒழுக்கக் கோவையும் வேண்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது?

உறுப்பினர் சந்தா, ஆண்டுக்கொருமுறை வானொலியிலேயே கேட்கும் நன்கொடை, அனுசரணை. அவுஸ்திரேலியச் சமூக வானொலியில் விளம்பரம் கூடாது. அனுசரணை அறிவித்தல் மணிக்கு ஐந்து நிமிடத்தை மிஞ்சக் கூடாது. 1984இல் அமைந்த சமூக ஒலிபரப்பு அறக்கட்டளை ஊடாக, இன மொழிகளில் ஒலிபரப்பாகும் மணித்தியாலத்துக்கு ஏற்ப அரசு நிதியும் கிடைக்கிறது. மணிக்கணக்கில் நிதி என்பது சிறிய மொழிக்குச் சாதகமானது. நேயர் தொகையைக் கொண்டு நிதி வழங்கியிருந்தால் அவை என்றோ மறைந்திருக்கும்.

மொழி ஒன்று, சமூகம் இரண்டு என்றால் என்ன செய்வது?

இக்கேள்வி அம்பாறையில்தான் அதிகம் எழுகிறது. இலங்கை வானொலி இதற்குப் பழைய விடை ஒன்றை வைத்திருக்கிறது. தமிழ் ஒலிபரப்புக்குள் முஸ்லிம் நிகழ்ச்சிக்கென்று தனி நேரம் இருந்து, பின்னர் அது முஸ்லிம் சேவையாகவே வளர்ந்தது. மொழி ஒன்றாயினும் நோன்பு கால அறிவித்தலும், மார்க்க விளக்கமும், அச்சமூகத்தின் பேச்சு வழக்கும் தமக்குரிய இடத்தைப் பெற்றன. அட்டாளைச்சேனையை மையமாகக் கொண்ட பிறை எப்.எம். தென்கிழக்குக் கரையோர மக்களின் குரல் கொழும்பிலிருந்தன்றி ஊரிலிருந்தே ஒலிக்க வேண்டும் என்ற அதே தேவையில் பிறந்தது. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனி நேரம் இருப்பது பிரிவினை ஆகாது. ஆனால் இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து வெள்ளம், நெல் விலை, மீன்பிடி பற்றிப் பேசும் நேரமும் அதே அட்டவணையில் இருக்க வேண்டும்.

இலங்கையில் ஒரு சமூகக் குழு வானொலி தொடங்கச் சட்டம் இடமளிக்கிறதா?

இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டம் 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம். தனியார் ஒலிபரப்புக்கான அனுமதிப்பத்திரமும் அதன் கீழ் அமைச்சரிடமிருந்தே வருகிறது. அலைவரிசையை ஒதுக்குவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. சமூக வானொலி என்ற தனி வகைக்குச் சட்டத்தில் இடம் வகுக்கப்படவில்லை. 1981இல் தொடங்கிய மகாவலி சமூக வானொலியும், 1989இல் வந்த கொத்மலை வானொலியும் கூட்டுத்தாபனத்தின் குடைக்குள்ளேயே இயங்கின. 1997இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை உயர் நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. உத்தேச அதிகாரசபைக்குச் சுதந்திரம் இல்லை என்பது முக்கிய காரணம். அதன் பிறகும் சுதந்திரமான அதிகாரசபை அமையவில்லை.

இந்தியாவில் 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எப்.எம். முதல் வளாகச் சமூக வானொலியாகத் தொடங்கியது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அவ்வாய்ப்பு விரிக்கப்பட்டது. வலு 100 வாட், எல்லை ஏறத்தாழ பத்துப் பதினைந்து கிலோமீற்றர். அப்படியொரு சிறு அனுமதி வகை நமக்கும் வேண்டும் என்பதை ஒளிவின்றிக் கேட்க வேண்டும்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பன்மொழி என்று சொல்ல என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது, நாம் காது கொடுக்கவில்லை. மட்டக்களப்பு நகரில் பறங்கியர் சமூகத்தின் ஒரு பகுதியினர் இன்றும் போர்த்துக்கேயக் கிரியோல் எனும் கலப்பு மொழியைப் பேசுகிறார்கள். 1638இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றியதோடு போர்த்துக்கேயர் ஆட்சி இங்கே முடிந்தது. மொழி மட்டும் வீடுகளில் தங்கிவிட்டது. டச்சுபாரில் அவர்கள் வாழ்ந்த பகுதியை 2004 சுனாமி அழித்தது. அக்கரைப்பற்றை அடுத்த அளிக்கம்பையில் வீட்டுக்குள் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசும் சமூகம் வாழ்கிறது. 2012 கணக்கெடுப்பின்படி அம்பாறை மாவட்டத்தில் ஏறத்தாழ 43 வீதம் முஸ்லிம்கள், 39 வீதம் சிங்களவர், 17 வீதம் தமிழர். உகனையில் பேசப்படும் சிங்களத்துக்கும் காரைதீவில் பேசப்படும் தமிழுக்கும் இடையே இருப்பது வயல்வெளிதான். ஆயினும் ஒருவர் வானொலியை மற்றவர் கேட்பது அரிது.

கிரியோல் மொழியில் வாரம் அரை மணி நேரம் ஒலித்தால் கேட்போர் சில நூறு பேராக இருக்கலாம். தமிழர் சிறுபான்மையாக வாழும் மெல்பேணில் நமக்கு நேரம் கேட்கும்போது நாம் முன்வைக்கும் நியாயம் எதுவோ, அதே நியாயத்தை அளிக்கம்பைக்கும் டச்சுபாருக்கும் நாம் வழங்கக் கடமைப்பட்டவர்கள்.

சட்டம் மாறும் வரை காத்திருக்கத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. நிகழ்ச்சி தயாரிக்க அனுமதிப்பத்திரம் தேவையில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் பயிலும் மாணவர் இருக்கிறார்கள். ஒலிப்பதிவுக்கு நல்ல கைத்தொலைபேசியும் மின்விசிறி நிறுத்தப்பட்ட ஓர் அறையும் போதும். முதலில் ஒரு சமூகத்திலிருந்து இருவரையோ மூவரையோ பயிற்றி, அவர்களே பேசும் அரை மணி நிகழ்ச்சியைத் தொடர்ந்து மூன்று மாதம் தயாரித்து, இணையத்தில் ஏற்றி, அதன்பின் பிரதேச சேவையிடமோ தனியார் நிலையத்திடமோ வாரம் ஒரு நேரத்தைக் கேட்கலாம். வெறுங்கையோடு போய்க் கேட்பவருக்குக் கிடைக்கும் விடையும், பன்னிரண்டு நிகழ்ச்சிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவருக்குக் கிடைக்கும் விடையும் ஒன்றாக இரா.

நேரம் கேட்கும்போது மூன்றை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்: எந்த நாள், எந்த மணி; நிகழ்ச்சியின் உள்ளடக்கம் குறித்த இறுதி முடிவு யாருடையது; மழைக்கால வெள்ள அறிவித்தல் வரும்போது அதே குழு தன் மொழியில் உடனடியாகப் பேச அனுமதி உண்டா. மூன்றாவதை நிலையங்கள் எளிதில் ஒப்புக்கொள்ளா. மாவட்ட அனர்த்த முகாமைத்துவ அலகு அறிவித்தலை வெளியிடும் வேளையில் அதைச் சரிபார்த்து மொழிமாற்றக் கூடிய இருவரின் பெயரை முன்கூட்டியே நிலையத்திடம் கொடுத்து வைத்தால் ஒப்புக்கொள்வது எளிதாகும்.